துறைமுகப் படத்தோடு கண்டிக்குப் போன பயணம்

போர்க்காலத்தில் எங்கள் தேயிலைத் தோட்ட ஊரான மடுல்கெல்லயிலிருந்து கண்டிக்கு நான் ஆயிரம் தடவை போயிருப்பேன். சரி, நூறு. அதில் எழுத வேண்டியது ஒன்றுதான். என் அக்கா மகள் சாந்தி கண்டியில் உள்ள பல்கலைக்கழகத்தில் துறைமுகப் பொருளாதாரம் ஆராய்ந்துகொண்டிருந்தாள். அன்று பத்து மணிக்கு ஆசிரியர்கள் முன் பேசாவிட்டால் அவளுடைய ஆராய்ச்சித் தலைப்பு கைவிட்டுப் போகும். நான் எட்டாம் வகுப்புதான். ஆனால் தேயிலை லொறியில் கொழும்புத் துறைமுகம் வரை போனவன். அவளுக்கு அந்தத் துறைமுகத்தைப் படம் வரைந்து கொடுத்தவனும் நானே. பாரந்தூக்கிகளைத் தாராளமாகவே போட்டிருந்தேன்.

காலை ஆறேகால் பஸ். இருபத்தெட்டு கிலோமீட்டர், ஆளுக்குப் பதினெட்டு ரூபாய். வழியெல்லாம் ஆராய்ச்சிப் பேச்சு. முன்பு ஆராய்ச்சிக்காரர்கள் இறங்குதுறை எத்தனை, பாரந்தூக்கி எத்தனை என்று எண்ணினார்களாம். இப்போது துறைமுகத்தை யார் நடத்துவது, அடுத்த நாட்டுத் துறைமுகத்தோடு எப்படிப் போட்டி போடுவது, சரக்கு எவ்வளவு நேரம் காத்துக் கிடக்கிறது என்று கேட்கிறார்களாம். துறைமுக வாசலில் மூன்று நாள் லொறிக்குள் படுத்துக் கிடந்தவனுக்கு இது புதிதா என்றேன். அதைத்தான் எழுதியிருக்கிறாளாம்.

வத்தேகம தாண்டியதும் இராணுவச் சோதனைச் சாவடி. மணி ஏழேகால். ஆமிக்காரர் என் படத்தை விரித்தார். தமிழ்ப் பிள்ளையின் பையில் கொழும்புத் துறைமுகம். குண்டு வைக்கப் போட்ட திட்டம் என்று நினைப்பார்களே என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. உடனே சிங்களத்தில் அவிழ்த்துவிட்டேன்: அது தோட்டத்துத் தொழிற்சாலை, நான் அங்கே பெரிய அதிகாரி. அவர் என் ரப்பர் செருப்பைப் பார்த்தார்.

"பொய் சொல்லாதீங்க மாமா," என்றாள் சாந்தி. அது துறைமுகம்தான், தேயிலை அங்கே ஏன் தாமதமாகிறது என்று எழுதுகிறேன் என்று அவரிடமே சிங்களத்தில் சொல்லிப் பல்கலைக்கழகக் கடிதத்தை நீட்டினாள். அவள் குரல் நடுங்கவில்லை.

பஸ் போய்விட்டது. ஒன்றேகால் மணி நேரம் நிறுத்தி வைத்துவிட்டு, படத்தைப் பறித்துக்கொண்டு எங்களைப் போக விட்டார்கள். வீட்டுக்குத் திரும்பலாம் என்றேன். அவள் அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

ஒன்பதேகாலுக்குக் கண்டி கூட்ஸ்ஷெட் பஸ் நிலையம். அங்கிருந்து பல்கலைக்கழகத்துக்கு ஆட்டோ, அறுபது ரூபாய். பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்க உள்ளே போனாள். நான் வாசலில் நின்றேன்.

"படம் எங்கை பிள்ளை?" என்றார் யாழ்ப்பாணத்து ஆசிரியர்.

"ஆமிகிட்ட இருக்கு சேர். என் ஆராய்ச்சி படத்தைப் பத்தி இல்ல, காத்திருக்கிறதைப் பத்தி. இன்னைக்கு ஒன்னேகால் மணி நேரம் காக்க வச்சாங்க. அதுக்காக விட்டுட்டுப் போகமாட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப தொடங்கும்."

இருபது நிமிடம் கொடுத்தார்கள், அவள் ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டாள். தலைப்பு அவளுக்கே.

இப்போது போகிறவர்களுக்கு: முதல் பஸ்ஸைப் பிடியுங்கள், இடப்பக்கம் உட்காருங்கள், அடையாள அட்டை மேல் பையில் இருக்கட்டும். கையில் இருப்பது என்ன என்று யாராவது மறித்துக் கேட்டால் நீங்களே சொல்லுங்கள். கூட வந்த மாமாவைச் சொல்ல விடாதீர்கள்.