முகவரி மாற்றும் போன்களும் சிக்னல் அக்காவும்

"முழிச்சுக்கோ தங்கம், மணி ஏழாச்சு" என்று கூரையில் ஒட்டியிருக்கும் வைஃபை பெட்டியைத் துடைப்பக் கட்டையின் நுனியால் தட்டுகிறார் சிக்னல் அக்கா. பச்சை விளக்கு எரிகிறது. அடுத்த பெட்டிக்கு ஓட்டம். நானூறு படுக்கைகள் உள்ள அந்த மருத்துவமனையில் காற்றில் போகும் இணைப்பு அத்தனைக்கும் அவர்தான் பொறுப்பு. எந்தச் சுவர் சிக்னலை விடும், எந்தச் சுவர் விழுங்கும் என்பதெல்லாம் அத்துப்படி. ஈயத் தகடு பதித்த எக்ஸ்ரே அறைச் சுவரைத் தாண்டும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். "அதுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது."

வயது நாற்பத்தேழு. கொண்டையில் ஒரு பென்சில், கழுத்தில் சாவிக்கொத்து. நடக்கிறாரா ஓடுகிறாரா என்று சொல்ல முடியாது. "வீட்டுக்கு யாராவது வந்தா, உக்காருங்கன்னு சொல்றதுக்கு முன்னாடி உங்க போன் என்ன மாடல்னு கேட்டுடுவா" என்பது அவர் கணவரின் தீராத குறை.

ஒவ்வொரு போனுக்கும் பிறக்கும்போதே ஓர் எண் கொடுத்துவிடுகிறார்கள். அதை முகவரி என்பார்கள். முன்பெல்லாம் அதை வைத்துத்தான் அக்கா எந்தப் போன் யாருடையது என்று கண்டுகொள்வார். பிறகு போன்களுக்குப் புத்தி வந்தது. எவனும் பின்தொடரக் கூடாதென்று, இணையும்போதெல்லாம் ஒரு பொய் முகவரியைச் சொல்லத் தொடங்கின. அக்காவின் பட்டியல் வீங்கியது. "நேத்து மட்டும் பதினோராயிரம் போன்! ஊர்ல ஒருத்தருக்கும் உடம்பு சரியில்ல போலிருக்கு."

அந்த வசதி வந்த புதிதில் அக்கா ஒரு திருடனைக் கண்டுபிடித்தார். தினமும் காலை ஏழு மணிக்கு முன்பின் தெரியாத ஒரு போன் கீழ்த்தளத்தில் முளைத்து, மாடி மாடியாக ஏறும். மறுநாள் வேறொன்று. காவலாளியைக் கூட்டிக்கொண்டு மூன்று நாள் படிக்கட்டில் பதுங்கினார். திருடனும் அவர்களுக்குப் பக்கத்திலேயேதான் இருந்தான், கண்ணில்தான் படவில்லை. நான்காம் நாள் காவலாளி தலையைச் சொறிந்தபடி, "அக்கா, போன வாரம் புதுசா ஒரு போன் வாங்கினீங்களே, அதைக் கொஞ்சம் அணைச்சுப் பாருங்களேன்" என்றார். அணைத்தார். திருடன் மாயம். இந்தக் கதையை அக்காவே கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டு சொல்வார்.

சென்ற வாரம் சிரிப்பு நின்றது. வீங்கிய பட்டியலால் பெட்டிகள் திணறி, நோயாளிகள் அழைக்கும் மணி நர்ஸ்களின் போனுக்குத் தாமதமாகப் போயிற்று. மேலாளர் உத்தரவு போட்டுவிட்டார். திங்கள் முதல் ஊழியர் எல்லாரும் முகவரி மாற்றும் வசதியை அணைத்துவிட வேண்டும். அணைக்காதவருக்கு இணைப்பு கிடையாது.

அன்று மாலையே டயாலிசிஸ் பிரிவு நர்ஸ் அக்காவின் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். "அதை அணைக்கணும்னா நான் வேலையை விட்டுடறேன்க்கா." அவள் விலகி வந்துவிட்ட கணவனிடம் அவளுடைய போனின் நிஜ முகவரி இருக்கிறது. அந்த முகவரி பக்கத்தில் எங்கே வந்தாலும் கூவும் ஒரு சின்னக் கருவியும் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு எதிர் நடைபாதையில் உட்கார்ந்திருப்பான். அவள் எந்த வாசல் வழியாக வந்தாலும் கருவி கூவும், வழிமறிப்பான். மூன்று தடவை அப்படி நடந்தது. போன் பொய் முகவரி சொல்லத் தொடங்கிய பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

"நீ எங்கயும் போகாதம்மா. திங்கக்கிழமைக்குள்ள நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார் அக்கா. எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அப்போது அவருக்கே தெரியாது.

ஐந்து நாள் சோறு தண்ணீர் மறந்தார். கடைசியில் பிடிபட்ட யோசனை எளியதுதான். ஊழியர் ஒவ்வொருவர் போனுக்குள்ளும் ஒரு ரகசியச் சீட்டு. போன் எந்தப் பொய் முகவரியோடு வந்தாலும், வெளியே கேட்காத பூட்டிய பேச்சில் சீட்டைக் காட்டும். உள்ளே இருப்பவர்களுக்கு நம் ஆள், பட்டியலில் ஒரே ஓர் இடம். ஒட்டுக் கேட்பவனுக்கு யாரோ போகிறார், யாரோ வருகிறார்.

சனிக்கிழமை மதியம், நர்ஸின் வேலை முடியும் நேரம். மேலாளர் மேசையில், அவர் கண்முன்னே சோதித்துக் காட்ட, இரண்டு மடிக்கணினிகள். ஒன்று அக்காவின் பட்டியல், மற்றது வெளி ஆளைப்போல ஒட்டுக் கேட்பது. நர்ஸ் மேல் மாடியிலிருந்து இறங்கிக்கொண்டே தளத்துக்குத் தளம் போனின் வைஃபையை அணைத்து, புது முகவரி வரும்படி மறுபடி போட்டாள். நான்காம் மாடி: ஒட்டுக் கேட்கும் திரையில் புது ஆள், அக்காவின் திரையில் அவள் பெயர். மூன்றாம் மாடி: ஒட்டுக் கேட்கும் திரையில் இன்னொரு புது ஆள். அக்காவின் திரையில் ஒன்றுமில்லை.

பத்து வினாடி. மேலாளர் உத்தரவுக் காகிதத்தை அருகில் இழுத்தார். அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஐயோ, மூணாவது மாடிப் பெட்டிக்குச் சீட்டு விவரத்தை ஏத்தவே இல்லையே நான்!" விரல்கள் பறந்தன. பளிச்சென்று பெயர் வந்தது. பரவசத்தில் அக்கா மேலாளரின் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்துவிட்டார்.

"சரிம்மா, உத்தரவை வாபஸ் வாங்கிக்கறேன். அடிக்காதீங்க" என்றார் அவர் முதுகைத் தடவிக்கொண்டே.

இரண்டாம் மாடி, முதல் மாடி, பெயர் இறங்கிக்கொண்டே வந்தது. அக்கா சன்னலுக்கு ஓடினார். எதிர் நடைபாதையில் அவன் இருந்தான். உள்ளங்கையில் கருவி, கண் அதன்மேல். கீழே வேலை முடிந்தவர்கள் திமுதிமுவென்று நான்கு வாசல்களிலும் வெளியேறினார்கள். கருவி கூவவில்லை. அவன் அதை உதறிப் பார்த்தான், காதில் வைத்துப் பார்த்தான். அக்கா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு குதித்தார்.

"கீழ்த்தளத்துக்கு வந்தாச்சு!" மேலாளருக்கும் உற்சாகம் தொற்றிவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அக்காவின் திரைக்குள் மூக்கை நுழைத்தார். "இதுல எல்லாமே தெரியுதே! அந்தப் பொண்ணு இப்ப எந்த வாசல் வழியாப் போகுதுன்னு பாக்கலாம், இருங்க."

அக்கா நடைபாதையில் கருவிமேல் குனிந்திருந்தவனைப் பார்த்தார், திரைமேல் குனிந்திருந்த மேலாளரைப் பார்த்தார், சன்னலை விட்டு வந்தார். அடுத்த வரி திரையில் வருவதற்குள், மேலாளரின் மூக்குக்கு நேராக, மடிக்கணினியைப் பட்டென்று மூடினார்.