கன்னவலியும் ஒரு வீண்பழியும்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. வில்லாபுரத்தில் பிறந்து, மதுரை மிஷன் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். அவர் குரல் உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை.

திருமணமான ஆண்டிலேயே வலது கன்னத்தில் வலி தொடங்கியது. சவரக்கத்தி பட்டாலும், காற்று வீசினாலும் மின்னல் வெட்டியதுபோல் துடித்துப்போவார். பாடத்தின் நடுவே பேச்சை நிறுத்திவிட்டு, கன்னத்தைத் தொடாமல் கையைக் குவித்தபடி நிற்பார். பல்வலி என்று நினைத்து நல்ல பற்களைப் பிடுங்கினார்கள். வலி போகவில்லை.

அம்மாவின் சந்தேகம் அண்ணிமேல் விழுந்தது. "அவ வந்த பெறகுதான இம்புட்டும். சோத்துல மருந்து வச்சிருக்கா" என்றார். அண்ணி அடுப்பூதினால் அம்மா பின்னால் நிற்பார். குழம்பை முகர்ந்து பார்ப்பார். பரவை ஊரில், வைத்த மருந்தை எடுப்பதாகச் சொல்லும் ஒருத்தி, அண்ணன் வயிற்றிலிருந்து எடுத்ததாக மயிர்ச்சுருள் ஒன்றைக் காட்டினாள். அன்றே அண்ணியைச் சமயநல்லூரிலுள்ள பிறந்தவீட்டுக்கு அனுப்பினார்கள். அண்ணன் தடுக்கவில்லை.

வலி மட்டும் அண்ணியோடு போகவில்லை. கடைசியில் மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் கண்ணுக்குக் கீழே விரலால் அழுத்தியதும் அண்ணன் அலறிவிட்டார்.

"நரம்புல ஒரு கட்டி. கெட்ட கட்டி இல்ல. ஆனா ரொம்ப அபூர்வம். எடுத்துரலாம்" என்றார் டாக்டர்.

எடுத்தார். வலி நின்றது, கன்னம் மட்டும் மரத்துப்போனது. மொச்சைக்கொட்டை அளவிருந்த அந்தக் கட்டியைப் பார்த்ததும் அம்மா, "பாத்தீங்களா, அவ வச்ச மருந்து!" என்று கூவினார்.

"இது நரம்புலயே முளைச்சதும்மா. யாரும் வச்சதில்ல" என்றார் டாக்டர்.

அம்மா என் காதில், "இந்த டாக்டரு சமயநல்லூர்ப் பக்கமோ?" என்றார். சாகும்வரை அம்மா அதை நம்பவில்லை.

அண்ணன் சமயநல்லூருக்குப் போனார். "நீங்களும் நம்புனீங்களா?" என்று அண்ணி கேட்டார்.

"வலியில எதையும் நம்பத் தோணுச்சு" என்றார் அண்ணன்.

அண்ணி திரும்பி வந்தார். ஆனால் அன்றுமுதல் அண்ணனின் தட்டிலிருந்து முதல் கவளத்தை எல்லோரும் பார்க்கத் தாமே உண்டுவிட்டுத்தான் அவர்முன் வைப்பார். அம்மா இறந்த பின்னும் அதை விடவில்லை.

சென்ற ஆண்டு காய்ச்சலில் படுத்த அண்ணனுக்குக் கஞ்சி கொண்டுவந்து, வழக்கம்போல் கரண்டியைத் தம் வாய்க்குக் கொண்டுபோனார் அண்ணி. அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போதும். எனக்கு நேரா ஊட்டு."

அண்ணன் கடைசியாக உண்டது அதுதான்.

டாக்டருக்கும், சவப்பெட்டியைத் தோளில் சுமந்த மாணவர்களுக்கும், உடனிருந்த உறவினர்களுக்கும் எங்கள் நன்றி. அண்ணி, உங்களுக்கு நன்றி சொல்லும் தகுதி எங்கள் வீட்டுக்கு இல்லை. இதை வாசிக்கும் எல்லோரும் அறியச் சொல்கிறேன்: அண்ணனுக்கு நீங்கள் வைத்தது சோறு மட்டுமே.

— தங்கை