கலைவாணி திறந்து பார்க்கச் சொன்ன பக்கம்

கலைவாணி இறந்த செய்தியை அவர் தங்கை அனுப்பியபோது, சிங்கப்பூர் பிடோக் உணவங்காடியில் தேநீர் குடித்தபடி அவரை மடக்க ஒரு வாதம் யோசித்துக்கொண்டிருந்தேன். அதை இனி யாரிடம் சொல்வது?

ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்த எங்கள் இருவரின் சண்டை, அவருக்கு விடைகொடுக்க இங்கே கூடியிருக்கும் உங்கள் எல்லோருக்கும் தெரியும். இணையப் பக்கம் உருவாக்க, பிறர் ஆயத்தமாக எழுதிவைத்த பெரிய நிரல் தொகுப்பான ஃபிரேம்வொர்க் வேண்டும் என்பது என் கட்சி. தேவையான சில வரிகளை நாமே எழுதும் வெறும் ஜாவாஸ்கிரிப்ட் போதும் என்பது அவர் கட்சி.

லிட்டில் இந்தியாவில் ஞாயிறுதோறும் தொழிலாளர்களுக்கு நடக்கும் இலவச மருத்துவ முகாமுக்கு, மருத்துவரைப் பார்க்க நேரம் பதியும் பக்கத்தை நான் ஃபிரேம்வொர்க்கில் செய்துகொடுத்தேன். என் கைபேசியில் பளிச்சென்று திறந்தது. முன்பின் தெரியாத ஒருவரின் போனில் திறக்காதவரை கலைவாணி எந்தப் பக்கத்தையும் ஒப்புக்கொள்ள மாட்டார். முகாம் நடக்கும் திடலுக்கு என்னை இழுத்துப் போனார். கன்னம் வீங்கியிருந்த ஒரு கப்பல் பட்டறைத் தொழிலாளி தன் பழைய போனைத் தந்தார்.

“வெள்ளையாவே நிக்குதுண்ணே. ஒண்ணும் வரல.”

“உங்க ஃபிரேம்வொர்க் இறங்கி முடிக்கறதுக்குள்ள இவரு பல்லே விழுந்துடும் லா” என்றார் கலைவாணி. புல்தரையிலேயே மடிக்கணினியைத் திறந்து, வெறும் ஜாவாஸ்கிரிப்டில் எழுதினார். பக்கம் வந்தது. அந்த மனிதருக்கு அன்றே பல் மருத்துவர் கிடைத்தார். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் யாருக்காக எழுதுகிறேன் என்பது அன்றுதான் உறைத்தது. அதற்கு நான் அவருக்கு நன்றி சொன்னதே இல்லை, இப்போது சொல்கிறேன்.

பிறகு அவர் நோயில் விழுந்தார்; அது முற்றியபின், பாசிர் ரிஸ்ஸில் இருந்த தன் வீட்டுக்கு என்னைக் கூப்பிட்டார்.

“குமார், அந்தப் பக்கத்த உங்க ஃபிரேம்வொர்க்லயே மாத்திடுங்க.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “நீங்களா சொல்றீங்க?”

“புதுசா வர்ற வாலண்டியர்ஸ் எல்லாம் அதத்தான் படிச்சிட்டு வர்றாங்க. நான் எழுதினது எனக்குத்தான் புரியும். என்னோட சேர்ந்து பக்கமும் நின்னுடக்கூடாது லா.” பிறகு சிரித்தார். “ஜெயிச்சிட்டேன்னு நெனைக்காதீங்க. பழைய போன்ல உங்க ஃபிரேம்வொர்க் இறங்காட்டியும் அந்த ஃபார்ம் போய்ச் சேரணும்.”

அப்படியே மாற்றினேன். அவர் எழுதிய எளிய படிவம் அடியில் இருக்கிறது; என் ஃபிரேம்வொர்க் அதன்மேல்தான் நிற்கிறது, அது இறங்காவிட்டாலும் படிவம் வேலை செய்யும்.

முன்பின் தெரியாதவரிடம் போனைக் கேட்கும் அவர் பழக்கத்தை நான் வைத்துக்கொண்டேன். போன ஞாயிறு தனியாகத் திடலுக்குப் போய் ஒருவரிடம் கேட்டேன். பக்கம் திறந்தது. முதுகுவலிக்கு நேரம் பதிந்துகொண்டார்.

“வந்துடுச்சுண்ணே. நீங்க செஞ்சதா?”

“நானும் என் கூட்டாளியும்” என்றேன்.