விலக்கி வைக்கப்பட்டவரின் மீன்

போன திங்கட்கிழமை காலை மீன் வாங்கப் போனவன், வாங்க மறந்து நின்றேன்.

பெரியதாழைக்குப் போகிற வழியில் ஒரு கடற்கரை ஊர். பெயர் வேண்டாம். மணலில் பாரை மீன்கள் குவிந்து கிடக்கின்றன — கடலின் குளிர் இன்னும் உடம்பை விட்டுப் போகாத மீன்கள். சுற்றி வியாபாரிகள். ஒருவரும் விலை கேட்கவில்லை. ஏலம் போடுகிறவர் வானத்தைப் பார்க்கிறார். மீனுக்குச் சொந்தக்காரரான மிக்கேல் மீனையே பார்க்கிறார். வெயில் ஏறுகிறது...

என்ன விஷயம்? பக்கத்தில் நின்றவர் சொன்னார். கடல் அரிப்பைத் தடுக்க, கடலுக்குள் கல் கொட்டித் தூண்டில் வளைவு கட்டித் தரச் சொல்லி ஊரே மனுக் கொடுத்திருக்கிறது. மிக்கேல் மட்டும் கையெழுத்துப் போடவில்லை. இங்கே கல் போட்டால் அடுத்த ஊர்க் கரையைக் கடல் தின்றுவிடும் என்று கலெக்டருக்குத் தனி மனு! போதாதா? ஞாயிறு பூசை முடிந்ததும் ஊர்க்கூட்டம். தீர்ப்பு — மிக்கேல் மீனை யாரும் ஏலத்தில் கேட்கக்கூடாது.

ஊரின் கோபம் பொய்யில்லை. வாசற்படிவரை கடல் வந்து போகிற வீடுகள். பயந்த ஊருக்கு மாற்றுக் கருத்து துரோகமாகத்தான் தெரியும்.

அப்போது ஒரு குரல். "நான் கேக்கேன். வெலயச் சொல்லு."

மரியபுஷ்பம். மீன் வியாபாரி. அவர் வீட்டு அடுப்படியைக் கடல் ஏற்கெனவே கொண்டுபோய்விட்டது. கூட்டத்தில் மிக்கேலைக் கிழி கிழியென்று கிழித்தவரே அவர்தானாம்!

ஊர்க் கமிட்டிக்காரர் ஒருவர் பாய்ந்து வந்தார். "ஏளா, உனக்கென்ன கோட்டியா புடிச்சிருக்கு? நேத்து அந்தக் கத்து கத்துன?"

"இன்னைக்கும் கத்துவேன். அவன் சொல்லுதது தப்பு. பதில் சொல்ல எனக்கு வாய் இருக்குல்லா? எதுக்கு அவன் வயித்துல அடிக்கணும்?"

"உன்னையும் சேத்து வெலக்கி வச்சிருவோம், பாத்துக்கோ."

"வையிங்க அண்ணாச்சி. நாங்க ரெண்டு வீடும் தனியா கூட்டம் போடுவோம். அதுலயும் இவன்கூடச் சண்டதான் புடிப்பேன்!"

யாரோ சிரித்துவிட்டார்கள். சிரிப்பு வந்த இடத்தில் தடை நிற்குமா? இவ்வளவு நல்ல மீனை மரியபுஷ்பம் ஒருவரே அள்ளிக்கொண்டு போவதா என்ற கவலையில் ஒரு வியாபாரி மேலே கேட்டார். இன்னொருவர் அதற்கும் மேலே. கொஞ்சம் பேராசையும் சேர்ந்தால் சுதந்திரம் வேகமாக வேலை செய்கிறது!

என் வாட்ஸ்அப் குரூப்பில் 'லிபரல்' என்பது வசைச்சொல். எந்தப் பக்கமும் நிற்காத வழவழா ஆள் என்று அர்த்தமாம். மரியபுஷ்பத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

அரசியல் சட்டம், கோர்ட், ரகசிய ஓட்டு, பேச்சுரிமை... இத்தனை பெரிய ஏற்பாடும் எதற்கு? கூட்டத்தில் தோற்றவரும் மறுநாள் தன் மீனை விற்க வேண்டும் என்பதற்குத்தான். மெதுவான, அலுப்பூட்டும் ஏற்பாடு. ஆனாலும் மனிதர்கள் சேர்ந்து செய்த காரியங்களில் இதைவிடக் கண்ணியமான ஒன்றை நான் பார்த்ததில்லை. எல்லாக் கரையிலும் ஒரு மரியபுஷ்பம் கிடைப்பாரா? கிடைக்காத நாளுக்குத்தான் சட்டம்.

கடைசிக் கூடை மரியபுஷ்பத்துக்கே விழுந்தது. அவரும் மிக்கேலும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள்.

"கல்லு போட்டா அடுத்த ஊரு போயிரும்க்கா."

"போடலன்னா என் வீடு போயிரும்லே!"

ஆட்டோ வரைக்கும் இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை — கூடையையும் கீழே விடவில்லை.