அவரைக்கொட்டைப் புரதமும் நாகராஜின் ரத்தமும்

புரதத்தோடு வேலை செய்கிறவர்களுக்கு உண்மையான முதலாளி புரதம்தான். அதற்கு மனசு வந்தால்தான் நமக்கு டிகிரி. குளிர் அறையில் ஸ்வெட்டரோடு நின்று, சோதனைக்குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கெட்டுப்போய்க் கலங்கிவிடாதே தாயே என்று கெஞ்சிய அனுபவம் உங்களுக்கும் இருந்தால் நீங்கள் நம்ம கட்சி. இல்லாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் பெங்களூரில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தேன். வீடு காக்ஸ் டவுனில். என் புரதம், அவரைக்கொட்டையிலிருந்து எடுக்கிற லெக்டின். புரதம் என்பது நீளமான ஒரு சங்கிலி. தனக்கென்று உள்ள வடிவத்தில் மடிந்துகொண்டால்தான் அது வேலை செய்யும். லெக்டினுக்கு வேலை, சில சர்க்கரைகளைத் தேடிப் பிடித்துக்கொள்வது. நான் அதை யூரியாவில் போட்டு மடிப்பையெல்லாம் கலைத்துவிடுவேன். பிறகு யூரியாவை நீக்கிவிட்டு, அது தானாகப் பழைய வடிவத்துக்கு மடிகிறதா, மறுபடியும் சர்க்கரையைப் பிடிக்கிறதா என்று பார்ப்பேன். பிடித்தது. கருத்தரங்கில் எழுந்து நின்று சொல்லியும் விட்டேன். தீசிஸே அதன்மேல்தான் நின்றது.

வீட்டில் வெந்தது

ஒரே வகை அவரையாக இருந்தால்தான் லெக்டினும் ஒரே மாதிரி வரும். அதனால் ஒரு விவசாயப் பண்ணையில் சொல்லிவைத்து, காய்ந்த கொட்டையாக ஒரு பை வாங்கியிருந்தேன். அடுத்த விளைச்சல் வரைக்கும் அதுதான் கதி. பொறுக்கிச் சுத்தம் செய்யலாம் என்று வீட்டுக்குக் கொண்டுவந்து, சமையலறை மூலையில் வைத்துவிட்டு லேபுக்குப் போய்விட்டேன்.

சாயங்காலம் திரும்பினால் தெருவிலேயே அவரைக்குழம்பு வாசனை. உள்ளே அப்பா மறுசோறு போட்டுக்கொண்டிருந்தார். அது கடையில் கிடைக்கிற கொட்டை இல்லை, இனிமேல் நான் எங்கே போவேன் என்று அம்மாவிடம் சண்டைக்குப் போனேன். அம்மா என்னைச் சமையலறைக்குக் கூட்டிப்போய் ஒரு எவர்சில்வர் டப்பாவைத் திறந்து காட்டினார். உள்ளே கொட்டையெல்லாம் ஒரே அளவில், ஒரே நிறத்தில், ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது.

"நல்லதா பொறுக்கி உனக்கு எடுத்து வெச்சிருக்கேன் ஸ்டெல்லா. உடைஞ்சதும் சுருங்கினதும்தான் நாங்க சாப்பிட்டோம்."

புள்ளி புள்ளியாக

லெக்டின் சர்க்கரையைப் பிடிக்கிறதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி, ரத்தம். ரத்தச் சிவப்பணுக்களின் மேற்பரப்பில் சர்க்கரைகள் இருக்கின்றன. லெக்டின் அவற்றைப் பிடித்தால் அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி, தட்டில் உள்ள சின்னக் குழியில் பாய் விரித்த மாதிரி பரவும். பிடிக்காவிட்டால் அடியில் போய் ஒரு சிவப்புப் புள்ளியாக உட்கார்ந்துகொள்ளும். இதற்கு ரத்தம் கொடுப்பது பக்கத்து லேப் நாகராஜ். தும்கூர்க்காரன், தமிழில் கன்னடம் கலந்துதான் பேசுவான். மற்றவர்கள் என்னைக் கண்டாலே வேறு படிக்கட்டில் இறங்கிவிடுவார்கள். அவன் மட்டும் முழுக்கைச் சட்டையை மடித்துக்கொண்டு ஹெல்த் சென்டர் நர்ஸ் முன்னால் போய் உட்காருவான்.

கடைசி வருஷம் ஒரு திங்கட்கிழமை, தட்டு முழுக்கப் புள்ளி. மடிந்திருக்கவேண்டிய லெக்டின் எதையும் பிடிக்கவில்லை. திரும்பச் செய்தேன், அப்போதும் புள்ளி. அந்த வாரம் முழுக்க அப்படியே போயிற்று. வடிவத்தைக் காட்டும் கருவியோ எல்லாம் சரியாக மடிந்திருக்கிறது என்றது. ஆனால் பிடிக்க மாட்டேன் என்கிறது. நாகராஜ் தட்டை எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். இரண்டு நாள் ஆளையே காணவில்லை. பிறகு வந்தான், முகமெல்லாம் தெளிவாக.

"என் ரத்தத்துல ஏனும் கோளாறு இல்ல ஸ்டெல்லா. டாக்டர்கிட்டயே காமிச்சுட்டு வந்துட்டேன்."

மேடத்தின் அறையில்

என் கைடு ஷாரதா மேடம். தாத்தா காலத்திலேயே மைசூர் அரசாங்க வேலைக்கு வந்து மல்லேஸ்வரத்தில் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். அதிர்ந்து பேசமாட்டார். தட்டுகளைக் கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்தேன். இப்போது பிடிக்கவில்லை என்றால், முன்பு பிடித்தது நிஜம்தானா என்ற கேள்வி வருமே, அதை வாய்விட்டுச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அவரே சொன்னார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். காபி வரவழைத்து, முதலில் குடி என்றார். அந்த அறையை விட்டு வரும்போது பிரச்சினை அப்படியேதான் இருந்தது, ஆனால் அது என்னுடையது மட்டும் இல்லை என்று ஆகியிருந்தது. மேடம் கடைசியாகச் சொன்னதிலேயே பாதி பாரம் இறங்கின மாதிரி இருந்தது.

"பழைய ரிசல்ட் தப்புன்னா நாமளே முதல்ல எழுந்து நின்னு சொல்லிடலாம். அதுக்கு முன்னாடி இன்னொரு தடவை நிதானமா தேடு."

பஸ் நேரம்

நிதானமாகத் தேடினேன். யூரியாவை நீக்க, புரதத்தை ஒரு மெல்லிய சவ்வுப் பையில் கட்டி உப்புக்கரைசலில் மிதக்கவிடுவோம். யூரியா வெளியே கசிந்துபோகும், பெரிய உருவமான புரதம் உள்ளேயே நிற்கும். யூரியாவைக் கண்ணாலேயே பார்க்காத, அவரையிலிருந்து எடுத்தபடியே இருந்த நல்ல லெக்டினை அதே பையில் கட்டிப் பார்த்தேன். அதுவும் பிடிக்கவில்லை. அப்படியென்றால் மடிப்பில் கோளாறு இல்லை. பையில்தான்.

லெக்டினுக்குச் சர்க்கரையைப் பிடிக்கக் கொஞ்சம் கால்சியமும் மாங்கனீசும் வேண்டும். புதுப் பைகளை, உலோகங்களை உறிஞ்சி எடுத்துவிடும் ஒரு உப்பில் கொதிக்கவைத்துச் சுத்தம் செய்வது வழக்கம். அந்த உப்பு போகிற வரைக்கும் கழுவவேண்டும். கழுவாமல் விட்டால் மிச்சம் இருக்கிற உப்பு லெக்டினின் உலோகத்தையும் பறித்துக்கொள்ளும். நான் கால்சியமும் மாங்கனீசும் ஒரு சொட்டுச் சேர்த்து, தட்டை மூடி வைத்துவிட்டு வெளியே போய் மரத்தடியில் நின்றேன். திரும்பி வந்து பார்த்தபோது குழிக்குக் குழி பாய் விரித்திருந்தது. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். நாகராஜ் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தான்.

அந்த மாதம் பைகளைத் தயார் செய்தது சந்திரிகா. ஓசூரிலிருந்து தினமும் வந்துபோகிற, புதிதாகச் சேர்ந்த பெண். கேட்டபோது மறைக்கவில்லை. கண் நிறைந்துவிட்டது அவளுக்கு. எனக்கோ கோபம் வருவதற்கு இடமே இல்லாத அளவுக்கு நிம்மதி. நான் அவளைக் கட்டிக்கொண்டதில் அவள் இன்னும் குழம்பிப்போனாள்.

"நல்லாதான் கொதிக்க வெச்சேன் அக்கா. கழுவுறதுக்குள்ள பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சு."

வைவா

சென்னையிலிருந்து வாய்மொழித் தேர்வுக்கு வந்த தேர்வாளர், தலை முழுக்க நரைத்தவர், என் தீசிஸில் பாதிப் பக்கங்களுக்கு மஞ்சள் சீட்டு ஒட்டி வைத்திருந்தார். அதைப் பார்த்ததுமே எத்தனை சீட்டு என்று எண்ண ஆரம்பித்தேன். ஆனால் ஒவ்வொரு சீட்டும் எழுத்துப்பிழைக்குத்தான். பை விஷயத்தையும் நான் ஒளிக்காமல் ஒரு அத்தியாயத்தின் கடைசியில் எழுதியிருந்தேன். அதை மட்டும் இரண்டு முறை படித்ததாகச் சொல்லி, தன் மாணவர்களுக்கும் காட்டப்போவதாகச் சொன்னார். கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவை மூடிக்கொண்டே சொன்னார்.

"நல்லா இருந்த புரதத்தைப் பிரிச்சு, மறுபடியும் மடிய வெச்சு, பழையபடியே இருக்குன்னு நிரூபிச்சிருக்கீங்க. உங்க பொறுமைக்கே டாக்டர் பட்டம் குடுக்கலாம்மா."

சர்ச் வாசலில்

அடுத்த ஞாயிறு, பாஸ்டர் என் பெயரைச் சொல்லி, டாக்டர் ஸ்டெல்லாவுக்காக ஜெபிப்போம் என்றார். ஆராதனை முடிந்து வாசலுக்கு வருவதற்குள் ஒருவர் முழங்கால் வலி சொன்னார், ஒருவர் மாத்திரைச் சீட்டை நீட்டினார். நான் அந்த டாக்டர் இல்லை, அவரைக்கொட்டைப் புரதம் சர்க்கரையைப் பிடிக்கிறதா என்று பார்த்த டாக்டர் என்று விளக்கினேன். எல்லோரும் கலைந்துபோனார்கள். எங்கள் தெருவில் இருக்கும், ரிட்டயரான ஆரோக்கியசாமி அங்கிள் மட்டும் இன்னும் பக்கத்தில் நெருங்கி வந்து, குரலைத் தாழ்த்தினார்.

"அப்படின்னா என் சர்க்கரையையும் கொஞ்சம் பிடிக்கச் சொல்லேன்மா. டாக்டரம்மா குடுத்த மாத்திரைக்கு அது பிடிபட மாட்டேங்குது."

மொத்தத்தில் அந்த வருஷங்களில் நான் சந்தேகத்துக்கு இடமில்லாமல் கண்டுபிடித்தது ஒன்றே ஒன்றுதான்: பிடிக்காத நாளில் ஊரே சேர்ந்து காரணம் தேடும், பிடித்த நாளில் ஏன் பிடித்தது என்று ஒருத்தரும் கேட்கமாட்டார்கள்.