பெரியவரின் நாயனத்துக்கு நடுவே என் குரல்

1. முதல் நாளே சண்டை

சிதம்பரத்தில் ஒரு கல்யாணம். கடலூர் முதுநகரிலிருந்து நான் மைக் செட் கொண்டுபோயிருந்தேன். நாயனம் வாசிக்க வந்தவர் வெளிநாடெல்லாம் போய்வந்த பெரிய வித்வான் என்று மண்டபமே பேசிக்கொண்டிருந்தது. எனக்கு நாயனம் என்றால் ஸ்பீக்கர் கீச்சிடுகிற ஃபீட்பேக் தொல்லை, அவ்வளவுதான். மைக்கை நாயனத்தின் வாய்க்கு நேரே கொண்டுபோய் வைத்தேன். அவர் கையால் தள்ளினார்.

"பாய், தள்ளி வைங்க. நாயனத்துல வந்து இடிக்குது."

"தள்ளி வெச்சா கடைசி வரிசைக்குக் கேக்காதுங்க."

"கேக்கறவங்களுக்குக் கேக்கும்."

என்ன திமிர் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதன்பிறகு கடலூர், வடலூர், சிதம்பரம் என்று எத்தனையோ மண்டபங்களில் அவருக்கு மைக் வைத்தேன். ஒரு நாள்கூட அவர் வாசிப்பை உட்கார்ந்து கேட்டதில்லை.

2. தோதான நேரம்

மந்திரம் ஓதும்போது அறிவிப்பு செய்தால் ஐயர் முறைப்பார். வாழ்த்துரையில் செய்தால் பேசுகிறவர் கோபித்துக்கொள்வார். தவில் முழங்கும்போது நம் குரலே எடுபடாது. ஆகவே நாயனக்காரர் தனியாக ராகம் இழுக்கிற நேரம்தான் எங்களுக்குத் தோது. நாயனத்தின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ஃபேடரைக்கூடத் தொடாமல், "வாசல்ல நிக்கிற வெள்ளை கார உடனே எடுங்க" என்று அதன்மேலேயே பேசிவிடுவேன்.

பிற்பாடு "மைக்கே சரியில்ல" என்று யாரும் வம்புக்கு வரக்கூடாதே என்று, எல்லாவற்றையும் மிக்சரிலிருந்து பென் டிரைவில் பதிந்தும் வைப்பேன்.

3. பென் டிரைவ்

போன வருஷம் அந்த வித்வான் காலமானார். சில நாளில் அவர் மகள் கோமதி அண்ணாமலை நகரிலிருந்து போன் செய்தாள்.

"மாமா, அப்பா ஸ்டுடியோ பக்கமே போகமாட்டேன்னுட்டாரு. உங்ககிட்ட ரெக்கார்டிங் இருக்குன்னு தவில்காரர் சொன்னாரு. ஒரே ஒரு ராகம், முழுசா இருந்தாப் போதும். நினைவஞ்சலிக்குப் போடணும். வெளிநாட்டுல பதிஞ்சது எதுவும் எங்க கைக்கு வரல, எம் புள்ளைங்களுக்குக் காட்ட வேற எதுவுமே இல்ல."

மூன்று நாள் ஹெட்போனும் கையுமாக உட்கார்ந்தேன். யா அல்லா! ஒன்றுகூடச் சுத்தமாக இல்லை. ஒவ்வொரு ராகத்தின் நடுவிலும் நான். "பந்தி ரெடி, சாப்புடாதவங்க மாடிக்கு வாங்க." "பர்ஸ தொலைச்சவங்க மேடைக்கு வாங்க." என் குரல் எனக்கே நாராசமாக இருந்தது.

ஆனால் ஒரு விஷயம் விசித்திரமாகப் பட்டது. நான் பேச ஆரம்பித்தால் நாயனம் நிற்பதில்லை. ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, அசையாமல் இருக்கிறது. நான் முடித்ததும் அதே இடத்திலிருந்து மேலே ஏறுகிறது. தற்செயலோ என்று வேறு கல்யாணத்தைப் போட்டேன். அதேதான். இன்னொன்றையும் போட்டேன். அங்கும் அதேதான். ஒரு இடத்தில் கார் நம்பரைத் தப்பாகச் சொல்லிவிட்டு, தடுமாறித் திரும்பச் சொல்கிறேன். மனுஷன் அதற்கும் காத்திருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருஷம் அவர் என்னைக் காதுகொடுத்துக் கேட்டிருக்கிறார். நான்தான் அவரைக் கேட்கவில்லை.

அண்ணாமலை நகருக்கே போய்க் கோமதியிடம் ஒளிக்காமல் சொன்னேன். "எல்லாத்துலயும் நான் பூந்து கெடுத்து வெச்சிருக்கேம்மா. என் குரல வெட்டுனா அவரு சுரமும் சேந்து போயிடும்."

பதிவைப் போட்டுக் கேட்டாள். என் குரல் வரும் இடத்தை மறுபடியும் ஓடவிட்டாள்.

"வெட்டாதீங்க மாமா. வூட்டுல நாங்க சாப்புடக் கூப்ட்டாலும் இப்டிதான். நாங்க பேசி முடிக்கிற வரைக்கும் அதே சுரத்துலயே இருப்பாரு."

நினைவஞ்சலியில் அப்படியே போட்டோம். "பந்தி ரெடி" என்றதும் கூட்டம் சிரித்தது. நாயனம் மேலே ஏறியதும் ஒருத்தர்கூட அசையவில்லை. நான் மிக்சருக்குப் பின்னால் தலைகுனிந்து நின்றேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். இப்போதெல்லாம் ராகம் ஆரம்பித்ததும் அறிவிப்பு மைக்கைக் கழற்றிவிடுகிறேன். கல்யாண வீட்டார் கத்துகிறார்கள். கத்தட்டும். மேடையில் இருப்பவர் எப்பேர்ப்பட்டவர் என்று எனக்கு இன்றைக்கும் சட்டென்று பிடிபடாது. ஆனால் இன்னொருத்தரை, அவர் போனபிறகு ஹெட்போனில் கேட்டு அழ என்னால் ஆகாது.