பத்தொன்பதாம் கேள்வி

மீனம்மா இப்போது விசுவமடுவில் இருக்கிறாள். இரண்டு பிள்ளைகள், அரை ஏக்கர் மிளகாய், ஒரு பசுமாடு. போன மாதம் சந்தையில் என்னைக் கண்டு நின்று கதைத்தாள், நலம் கேட்டாள், ஒரு கை பச்சை மிளகாயைப் பையில் போட்டுவிட்டாள். திட்டியிருந்தால் நிம்மதியாக வீடு வந்திருப்பேன். அன்று தொடங்கிய அரிப்பில்தான் இதை எழுதுகிறேன்.

எழுபத்தேழு இனக்கலவரத்தில் மாத்தளைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து துரத்தப்பட்டு, ஒரு தகரப் பெட்டியும் இரண்டு பாயுமாகக் கனகராயன்குளத்துக்கு வந்த குடும்பம் அவளுடையது. தகப்பன் வீரையா எங்கள் மிளகாய்த் தோட்டத்தில் கூலிவேலை செய்தார். என் அப்பாவைவிட வயதில் மூத்தவர். ஆனாலும் நான் ‘வீரையா’ என்று பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன், எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான். மலையகத்திலிருந்து வந்த அந்தச் சனத்தைத் ‘தோட்டக்காட்டார்’ என்று சொல்வதில் ஒரு குறை இருப்பதாக எங்களில் ஒருவருக்கும் படவில்லை. எழுத வெட்கமாக இருக்கிறது. இதைவிட வெட்கமானது இனித்தான் வருகிறது.

எண்பத்திரண்டில் எங்கள் உயர்தர வகுப்பில் வரலாறு படித்தவர்கள் பதினொரு பேர். அவர்களில் அந்தச் சனத்துப் பிள்ளை மீனம்மா ஒருத்திதான். அவளுடைய அக்கா வீரம்மா மிளகாய் பிடுங்கப் போனதால் இவள் பள்ளிக்கூடம் வர முடிந்தது. கட்டுரை எழுதச் சொன்னால் வகுப்பில் அவளை மிஞ்ச ஆளில்லை. சறுக்கியதெல்லாம் பல்தேர்வில்.

எங்கள் வரலாற்று ஆசிரியர் ஏரம்பு மாஸ்டர் மாதம் ஒரு பல்தேர்வுத் தாள் வைப்பார். ஒரு மணித்தியாலம், ஐம்பது கேள்வி, கேள்விக்கு ஐந்து விடை. சரியான விடையின் இலக்கத்துக்குப் புள்ளடி போடவேண்டும். மீனம்மா ஐந்து விடைக்கும் நியாயம் பார்த்துக்கொண்டிருப்பாள். மணி அடிக்கும்போது பன்னிரண்டு கேள்வி தொடாமலே கிடக்கும். இருபத்தெட்டு, முப்பது என்று வாங்குவாள்.

எனக்கு நாற்பத்திநான்கு, நாற்பத்தாறு. அறிவு என்று நினைக்கவேண்டாம். என் அண்ணனும் அதே மாஸ்டரிடம் படித்தவன், அவனுடைய பழைய தாள்கள் எங்கள் அலுமாரிக்கு மேலே கிடந்தன. அவற்றைப் பரப்பிவைத்து மாஸ்டரின் பழக்கங்களைக் கண்டுபிடித்திருந்தேன். மிக நீளமான விடைதான் சரியான விடை. ‘மேற்கூறிய யாவும்’ என்று இருந்தால் யோசிக்கத் தேவையில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே இலக்கம் அடுத்தடுத்து மூன்று தரம் வராது.

இரண்டாம் தவணைக் கடைசித் தாளில் நாற்பது எடுக்காதவர்கள் வரலாற்றை விட்டு வேறு பாடம் எடுக்கவேண்டும் என்று மாஸ்டர் சொன்னார். எங்களுக்கு அது ஒரு வெருட்டு. மீனம்மாவுக்கு அப்படியில்லை. புதிய பாடம் என்றால் இன்னொரு வருஷம் படிக்கவேண்டும், வீரம்மாவுக்கோ கலியாணம் பேசி முடிந்திருந்தது. அக்கா கலியாணம் முடித்துப் போனால் தங்கைதான் தோட்டத்தில் இறங்கவேண்டும். வரலாற்றை விடுவதும் படிப்பை விடுவதும் அவளுக்கு ஒன்றுதான்.

அதனால்தான் என்னிடம் வழி கேட்டாள். இரக்கப்பட்டுச் சொல்லிக்கொடுத்தேன் என்று பொய் சொல்லமாட்டேன். பெரிய ஆளாக நிற்கிற ஆசையில் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “இது படிப்பில்லையே, சிவனேஸ்வரி,” என்றாள்.

“படிப்பு கட்டுரைக்கு. இதுக்கு மாஸ்டரைப் படிச்சால் காணும்,” என்றேன். அந்த வசனத்தை நினைத்து இரண்டு நாள் நானே பெருமைப்பட்டேன்.

அடுத்த மாதம் அவளுக்கு முப்பத்தைந்து. அதற்கடுத்தது முப்பத்தெட்டு. கேள்வி ஒன்றும் மிச்சம் விடவில்லை. தான் கெட்ட குரங்கு வனத்தையும் கெடுத்ததாம் என்பார்கள். அப்போது எனக்கு அது விளங்கவில்லை, வாத்தியார் வேலை பார்க்கிற எண்ணத்தில் இருந்தேன்.

கடைசித் தாளில் பத்தொன்பதாம் கேள்வி, 1964 இலங்கை-இந்திய ஒப்பந்தப்படி நாடற்ற தோட்டத் தொழிலாளரில் எத்தனை பேரை இந்தியா ஏற்க உடன்பட்டது என்பது. மூன்றாவது விடை, ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம். அதுதான் சரி.

தாள் திருத்தி வந்த அன்று மாஸ்டர் மீனம்மாவை எழுப்பிவிட்டார். முப்பத்தொன்பது. விடைத்தாளை எல்லோருக்கும் தெரியத் தூக்கிப் பிடித்தார்.

“மூண்டுக்குப் போட்ட புள்ளடியை வெட்டிப்போட்டு ஒண்டுக்குப் போட்டிருக்கு. உங்கட சனத்தில எத்தினை பேரைக் கப்பலேத்தினவங்கள் எண்டு உனக்கே தெரியேல்லை. பிறகேன் பிள்ளை உனக்கு வரலாறு?”

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன்.

சிரித்து முடிய முன்னரே காரணம் தெரிந்துவிட்டது. பதினேழுக்கும் பதினெட்டுக்கும் சரியான விடை மூன்று. பத்தொன்பதுக்கும் மூன்று வந்ததைக் கண்டு, வராது என்று நான் சொன்னதை நம்பி, தெரிந்த விடையை வெட்டியிருக்கிறாள். எனக்கு அந்தக் கேள்விக்கு விடையே தெரியாது. பதினெட்டைப் பிழையாகப் போட்டிருந்தபடியால் மூன்றை வெட்டவேண்டிய தேவை எனக்கு வரவில்லை, குருட்டுவாக்கில் சரிவந்தது. நாற்பத்திமூன்று வாங்கினேன்.

என்னைத் திரும்பிப் பார்ப்பாள் என்று பயந்தேன். அவள் பார்க்கவில்லை, காட்டிக்கொடுக்கவும் இல்லை. நான் எழும்பி, ‘சேர், நான்தான் அப்படிச் சொல்லிக்கொடுத்தனான்’ என்று சொல்லியிருந்தால் போதும். ஒரு புள்ளிதானே, மாஸ்டர் இரங்கியிருப்பார், வாய்தான் கொஞ்சம் பொல்லாததே தவிர மனிதன் கெட்டவரில்லை. ஆனால் என்னுடைய நாற்பத்தாறுகளின் சாயம் வெளுத்துவிடும். வாயில் கொழுக்கட்டையோடு இருந்தேன். அடுத்த கிழமையும் இருந்தேன். அதற்கடுத்த கிழமை மீனம்மா வகுப்புக்கு வரவில்லை.

ஒரு சனிக்கிழமை அம்மா தேத்தண்ணி கொடுத்து என்னைத் தோட்டத்துக்கு அனுப்பினாள். வீரையா வரம்பில் இருந்து குடித்தார். அடுத்த நிரையில் மீனம்மா மிளகாய் பிடுங்கிக்கொண்டிருந்தாள், முதுகு எங்கள் பக்கம். வீரையா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“தங்கச்சி, நீங்க சொல்லிக் குடுத்துதான் எங்க புள்ள முப்பத்தொம்பது வரைக்கும் வந்துச்சாம். அதுதான் சொன்னுச்சு. நீங்க நல்லா இருக்கணும்.”

நான் வெறும் தேத்தண்ணிக் கேத்தலைக் கையில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிப் போகப் பார்த்தேன். அவர் விடவில்லை.

“பேப்பர்ல எங்க ஆளுங்களப் பத்திக் கேள்வி வந்துச்சாமே? அஞ்சு லட்சத்து இருபத்தஞ்சாயிரம். அதுல ஒண்ணு எங்க அக்கா. இந்தியாவுல மண்டபம் கேம்புல எறங்கி ஒரு கடுதாசி போட்டுச்சு, அப்புறம் ஒண்ணுமில்ல. அந்தக் கணக்கு எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும். மத்தது எப்படியோ, அந்தக் கேள்விய மட்டும் எங்க புள்ள சரியாத்தான் போட்டிருக்கும், இல்லீங்களா?”

அடுத்த நிரையில் கை ஒரு கணம் நின்றது. அவள் திரும்பவில்லை.

“ஓம் வீரையா, சரியாத்தான் போட்டவ,” என்றேன்.

அவர் சந்தோஷமாகத் தலையாட்டினார். நான் சொன்னது முழுப் பொய்யுமில்லை. மீனம்மா முதலில் சரியாகத்தான் போட்டிருந்தாள். வெட்டியது நான்.